வர்ஜீனியாவின் ஏழாண்டு ஆட்களுக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புடையீர்,
வரலாற்றுப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அத்தியாயத்தைக் கொடுத்தாக வேண்டும். 1606இல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸிடம் பட்டயம் பெற்ற வர்ஜீனியா கம்பெனி, மறு ஆண்டே வட அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம், 1619இல் பிரதிநிதிகள் சபை, 1624இல் பட்டயம் பறிபோய் அரசரின் நேரடி ஆட்சி. இதுவரை சிக்கல் இல்லை. புகையிலை வயலில் உழைத்தவர்களிடம் வந்து நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் இவர்கள் indentured servants. கப்பல் கட்டணத்துக்கு வழியில்லாத இங்கிலாந்து ஏழைகள், பெரும்பாலும் நான்கு முதல் ஏழு ஆண்டுகள் சம்பளமின்றி உழைப்பதாக எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். சோறும் துணியும் இருப்பிடமும் மட்டும் உண்டு. அந்தப் பத்திரத்தைக் கரையில் இன்னொருவருக்கு விற்கவும் முடிந்தது. ‘ஒப்பந்தக் கூலி’ என்று எழுதினேன். திருத்துநர் அடித்துவிட்டார்.
– மொழிபெயர்ப்பாளர், சென்னை

அடித்தது சரிதான். ஒப்பந்தக் கூலி என்றால் 19ஆம் நூற்றாண்டில் மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் போன நம்மவர்கள்தாம் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்குச் சொற்பமாவது கூலி பேசப்பட்டது. ‘ஒப்பந்தப் பணியாளர்’ என்றும் போட்டுவிடாதீர்கள். நம் ஊரில் அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடுகிறவர்கள். வர்ஜீனியாவிலோ நிரந்தரமாகிவிடக் கூடாதே என்பதுதான் கவலை. ‘தவணையாள்’ எப்படி?
– கோவை

நண்பர்களே, வேரைப் பாருங்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஒரே தாளில் இரண்டு படி எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டிப் பிரித்து, ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள். பொருத்திப் பார்த்தால் கள்ளப் பத்திரம் வெளிப்பட்டுவிடும். indenture என்ற அவர்கள் சொல்லே அந்தப் பல்வெட்டிலிருந்து வந்ததுதான். தமிழில் முறித்தது முறி: துண்டு, ஓலை நறுக்கு, பத்திரம் எல்லாம் அதற்குள் அடக்கம். திருவெண்ணெய்நல்லூர் வழக்கு நினைவிருக்கிறதா? கிழவேதியராக வந்த சிவன் நீட்டிய ஆளோலையை, அதாவது அடிமைப் பத்திரத்தை, சுந்தரர் கிழித்துப் போட்டார். கிழிந்தது படியோலைதான், மூலவோலை என்னிடம் இருக்கிறது என்றார் கிழவர். இரண்டு படி வைக்கும் சூட்சுமம் நமக்கும் தெரிந்ததே. ஆகவே ‘முறியாள்’. ‘தவணை’ கடைக்காரர் சொல், கலைச்சொல்லாகாது.
– தஞ்சை

ஐயா, எங்களூர்ப் பத்திரிகைகளில் முறி என்றால் மத்திய வங்கி விற்கும் கடன் பத்திரம். முறியாள் என்று எழுதினால் முறி வியாபாரி என்றுதான் வாசிப்பார்கள். தவணையும் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத் தவணைதான், ஆனால் அதில் காலவரையறை என்ற பொருளாவது நிற்கிறது. போகட்டும், அத்தியாயம் முழுக்கக் ‘காலனி’ என்றா எழுதுகிறீர்கள்? நாங்கள் ‘குடியேற்ற நாடு’ என்போம்.
– யாழ்ப்பாணம்

காலனி பற்றித் தனி இழையில் அடித்துக்கொள்வோம். அதைத் தேர்வுத்தாளில் ‘காலணி’ என்று எழுதுபவர்களைத் திருத்தியே எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

தஞ்சை ஐயாவின் ஆளோலை அழகுதான். ஆனால் சுந்தரர் வழக்கு வழிவழி அடிமை பற்றியது. பாட்டன் எழுதியது பேரனைக் கட்டியது. இங்கே அந்த வேறுபாடுதான் பாடமே. 1640இல் வர்ஜீனியாவில் எசமானிடமிருந்து மூவர் ஓடிப் பிடிபட்டார்கள். ஐரோப்பியர் இருவருக்கும் நான்கு ஆண்டுகள் கூட்டினார்கள். மூன்றாமவர் ஜான் பஞ்ச், ஆப்பிரிக்கர். அவர் ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டும் என்று தீர்ப்பு. 1662இல் தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று சட்டமே வந்தது. ஆண்டுக் கணக்கு உள்ளவர், இல்லாதவர் என்று பிரிந்த இடம் இது. நாம் வைக்கும் சொல்லில் காலக்கெடு தெரியாவிட்டால் மாணவர் இருவரையும் ஒன்றாக்கிவிடுவார். கொத்தடிமையும் ஆகாது, அங்கே கடன் வளரும், இங்கே ஆண்டு குறையும். வளர்ந்த நேரங்களும் உண்டு: ஓடினாலும் பிள்ளை பெற்றாலும் கெடுவை நீட்டினார்கள்.
– கல்லூரி ஆசிரியர், மதுரை

அனைவருக்கும் நன்றி. நாள் நெருங்கிவிட்டதால் ‘தவணைப் பணியாள்’ என்று போட்டு, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்க்கிறேன். ஆதரித்தவர்கள் மூவர், எதிர்த்தவர் ஒருவர், மற்றவர்கள் ஓய்ந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அடுத்த பக்கத்தில் இன்னொன்று: 1618 முதல், ஓர் ஆளின் கப்பல் செலவை ஏற்றவருக்கு ஆளுக்கு 50 ஏக்கர் நிலம். நிலம் வந்தவருக்கல்ல, வரவழைத்தவருக்கு. ஆங்கிலத்தில் headright என்கிற இந்த உரிமைக்குத் தமிழில் என்ன பெயர்?
– சென்னை

எதிர்த்தவன் இன்னும் எதிர்க்கிறேன், பதிவு செய்துகொள்ளவும். புதியதற்கு: தலைக்கு இவ்வளவு என்று கிடைத்த காணி. ‘தலைக்காணி’.
– தஞ்சை

ஐயா, மாணவர்கள் அதன்மேல் தலை வைத்துத் தூங்கிவிடுவார்கள்.
– கோவை

தூங்கட்டும். காணி என்பது கல்வெட்டுச் சொல். பேச்சுவழக்குத் தலையணைக்காக அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.
– தஞ்சை