பில்லில் மாநிலம் மாறிப் போனது: குறை மென்பொருளிலா, பில் போட்டவரிடமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக் கடைக்காரர்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் குடும்பம் பம்ப்செட், பி.வி.சி. குழாய்க் கடை நடத்துகிறது. எல்லை அருகிலேயே இருப்பதால் கோபாலபுரம், பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகளும் எங்களிடம் சரக்கு எடுக்கிறார்கள். எங்கள் பில்லிங் மென்பொருள் புதிய பில்லைத் திறந்தவுடன் 'பிளேஸ் ஆஃப் சப்ளை' (விநியோக இடம்) கட்டத்தில் முந்தைய பில்லின் மாநிலத்தையே நிரப்பி வைத்துவிடுகிறது. பில் போடும் பெண் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் சிலருக்கு அதைக் கேரளம் என்றே விட்டுவிட்டார். மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐ.ஜி.எஸ்.டி. விழ வேண்டிய இடத்தில், உள்மாநில விற்பனைக்கான சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் விழுந்து, ரிட்டர்ன் தாக்கலாகி, வரியும் கட்டிய பிறகுதான் ஆடிட்டர் அதைக் கண்டுபிடித்தார். நஷ்டத்தை பில் போட்ட பெண்ணின் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்கிறார் என் அண்ணன். மென்பொருள்தான் குழப்புகிறது என்கிறார் அந்தப் பெண். மென்பொருள் நிறுவனமோ, பயன்படுத்துபவரின் கவனக்குறைவு என்று ஒற்றை வரியில் முடித்துக்கொண்டது. யார் பக்கம் நியாயம்?

பதில்: ஓய்வு பெற்ற கணக்கர், பாலக்காட்டுச் சித்தூர்

திரையில் தெரிவதைப் படித்துப் பார்க்காமல் சேமித்துவிட்டு இயந்திரத்தின் மேல் பழி போடுவது எனக்கு ஏற்புடையதன்று. ஜி.எஸ்.டி. எண் 32 என்று தொடங்கினால் கேரளம், 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு; எல்லையோரக் கடையில் பில் போட உட்காருபவர் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இது.

ஆயினும் தங்கள் அண்ணனிடம் ஒன்று கேளுங்கள்: எந்த நஷ்டத்தைப் பிடிக்கப் போகிறார்? மாநிலங்களுக்கிடையிலான விற்பனையை உள்மாநில விற்பனையாகக் கருதித் தவறான தலைப்பில் வரி கட்டியிருந்தால், சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி அதைத் திரும்பப் பெறலாம். சரியான வரியைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால் போதும். இப்போது கட்ட வேண்டிய ஐ.ஜி.எஸ்.டி.க்கு, ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி வட்டியும் கட்ட வேண்டியதில்லை. எனவே பணம் சில காலம் முடங்கும், ஆடிட்டருக்குக் கூடுதல் வேலை வரும், அவ்வளவே.

பதில்: குப்பம் வாசகர்

பெரியவர் சொன்ன சட்டம் சரி, தீர்ப்பு சரியில்லை. பிரிட்டனின் அஞ்சல் துறையில் ஹொரைசன் என்ற கணினி முறை காட்டிய பொய்யான பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரை கிளை அஞ்சலக நடத்துநர்கள் நூற்றுக்கணக்கில் தண்டிக்கப்பட்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019இல்தான் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. ஆள் மேல் பழி சுமத்துவது எப்போதும் எளிது. எங்கள் ஆந்திரத்துக்கு மாநிலக் குறியீடு 37; ஆனால் பிரிவினைக்கு முந்தைய ஆந்திரம் என்று 28ஐயும் வைத்திருக்கும் பட்டியல்கள் உண்டு. அவசரத்தில் அகர வரிசையில் முதலில் வருவதைத் தொட்டுவிட்டால், அதற்கும் பில் போடுபவர்தான் பொறுப்பா?

பதில்: வேலந்தாவளத்துக்காரர், மென்பொருள் சோதனைப் பணி

ஹொரைசனை இங்கே இழுப்பது பொருந்தாது. அங்கே மென்பொருள் தவறாகக் கணக்கிட்டது; இங்கே சொன்னதைச் சரியாகவே கணக்கிட்டிருக்கிறது. கேட்க வேண்டியது, சொல்லாத ஒன்றைச் சொன்னதாக அது ஏன் எடுத்துக்கொண்டது என்பதே.

இதற்கு நெருக்கமான சான்று இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. பி-17 விமானம் பத்திரமாகத் தரையிறங்கிய பின், விமானிகள் இறக்கை மடிப்பை (ஃபிளாப்) உள்ளிழுப்பதாக நினைத்துச் சக்கரங்களை உள்ளிழுத்து, விமானத்தை வயிறு தரையில் உராயக் கிடத்திவிடும் விபத்துகள் நடந்தன. விமானியின் பிழை என்றே பதிவாகிவந்த அவற்றை ஆராய்ந்த உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ், இரண்டு விசைகளும் ஒரே உருவில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதையும், வேறு அமைப்புள்ள சி-47 விமானத்தில் அந்தப் பிழை நிகழாததையும் கண்டார். சக்கர விசையில் சிறிய ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தியதே அவர் சொன்ன தீர்வு. விமானிகளுக்குக் கவனமாக இருங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பிப் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தங்கள் கடைக்கு வருகிறேன். ஜி.எஸ்.டி. எண் உள்ள வியாபாரிக்குப் பெரியவர் சொன்ன 32, 33 கணக்கு உதவும். எண்ணே இல்லாத விவசாயிக்கு எதைப் பார்ப்பது? 2023 அக்டோபர் 1 முதல், பதிவு பெறாதவருக்குப் பொருள் விற்றால் பில்லில் எழுதிய அவருடைய முகவரியே விநியோக இடம். மாநிலப் பெயரை மட்டும் குறித்தாலும் முகவரி குறித்ததாகவே கொள்ளப்படும். எந்த வரி என்பதையே தீர்மானிக்கும் கட்டத்தை முந்தைய வாடிக்கையாளரைக் கொண்டு நிரப்புவது தவறான வடிவமைப்பு. முகவரியில் பொள்ளாச்சி என்றும் மாநிலத்தில் கேரளம் என்றும் இருக்கும் பில்லை முணுமுணுக்காமல் சேமிப்பது அதைவிட மோசம். கட்டம் வெறுமையாக இருந்து, நிரப்பினாலன்றிச் சேமிக்க விடாமல் இருக்க வேண்டும். 'உறுதிதானா' என்று கேட்கும் பெட்டி வேண்டாம். இரண்டாம் நாளே விரல் தானாக என்டரைத் தட்டிவிடும்.

பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். இதற்கு முன் இருந்தவரும் இதே கட்டத்தில் தவறியிருந்தால் ஆளை மாற்றிப் பயனில்லை.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன். முன்பு இருந்தவர் போட்ட பில்களிலும் இதே தவறு இருக்கிறது, ஆனால் குறைவு. பெரும்பாலும் பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு மட்டுமே அவர் பில் போட்டார். விவசாயிகளின் பில்லை அண்ணனே போட்டுவந்தார். அண்ணன் போட்டவற்றைத் தனியாகப் பிரித்து ஆடிட்டரிடம் கொடுத்திருக்கிறேன், சம்பளப் பேச்சு அதன் பிறகு எழவில்லை. கட்டத்தை வெறுமையாக விடும்படி நிறுவனத்துக்கு எழுதியதற்கு அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட பில் வரிசைகளை விதி அனுமதிப்பதால், அதுவரை தமிழ்நாட்டு விற்பனைக்கென ஐ.ஜி.எஸ்.டி. மட்டும் விழும் தனி வரிசை ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். பெயரையும் ஊரையும் கேட்ட பிறகே எந்த வரிசையைத் திறப்பது என்று அந்தப் பெண் முடிவு செய்கிறார்.