பிளவில் களிமண் இருந்தால் நிலநடுக்க ஆபத்து இல்லை எனலாமா?

கேள்வி
கிரானைட்டில் தோண்டிய புவிவெப்பக் கிணறு, ஆழம் 4 கி.மீ., அடியில் 160 டிகிரி செல்சியஸ். வழியில் ஒரு பிளவுப்பெயர்ச்சி குறுக்கிடுகிறது. அங்கிருந்து மேலே வந்த பாறைத்துகளின் எக்ஸ்ஆர்டி-யில் (எக்ஸ் கதிரால் கனிமங்களை அடையாளம் காணும் சோதனை) களிமண் கனிமங்கள் 35%; மீதி குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார். அறை வெப்பநிலை உராய்வுச் சோதனையில் ஏ−பி (நழுவும் வேகத்தோடு உராய்வு எப்படி மாறுகிறது என்பதன் அளவு) நேர்மறை, அதாவது வேகம் கூடினால் உராய்வும் கூடுகிறது. நீர் செலுத்தினால் பிளவு மெல்ல நழுவும், அதிராது என்று அறிக்கையில் எழுதலாமா?

பதில் 1
வேண்டாம். அந்த 35%-ஐயே முதலில் சரிபாருங்கள். துளையிடும் சேற்றில் பென்டோனைட் என்ற களிமண் இருந்தால் அதுவும் ஸ்மெக்டைட்தான் (நீரில் உப்பும் களிமண் கனிமம்); உங்கள் கணக்கில் அது ஏறியிருக்கும். துகளைக் கழுவும்போது பிளவின் சொந்தக் களிமண் போயிருக்கவும் கூடும். 2 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த துகளைப் பிரித்து, எத்திலீன் கிளைக்கால் ஆவியில் வைத்து மறுபடி ஓட்டுங்கள். கனிம அடுக்குகளின் இடைவெளியைக் காட்டும் 14–15 ஆங்ஸ்ட்ராம் முகடு 17-க்கு நகர்ந்தால் ஸ்மெக்டைட். 10-இல் உள்ள முகடு நகராமல் நின்றால், உப்பாத இல்லைட் அல்லது மைக்கா. சேற்றையும் தனியே ஓட்டி ஒப்பிடுங்கள்.

பதில் 2
அறை வெப்பநிலை முடிவு இங்கே செல்லாது. ஈரமான கிரானைட் தூள் ஏறத்தாழ 100 முதல் 350 டிகிரி வரை, வேகம் கூடும்போது உராய்வை இழக்கிறது; அதிர்வு பிறக்கும் எல்லை அதுதான். உங்கள் 160 அதற்குள் விழுகிறது. நுண்துளை நீரை அழுத்தத்தில் வைத்து 160 டிகிரியில் சோதியுங்கள். வேகத்தை நொடிக்கு 1 மைக்ரோமீட்டரிலிருந்து 10-க்கு ஏற்றும்போது நிலைத்த உராய்வுக் குணகம் 0.007 குறைந்தால், ஏ−பி = −0.007 ÷ 2.303 (10-இன் இயல் மடக்கை), அதாவது சுமார் −0.003. மாதிரியை அடுப்பில் உலர்த்திவிட்டுச் சோதிக்காதீர்கள். உலர்ந்த ஸ்மெக்டைட் ஈரத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு வலுவாகத் தெரியும்.

பதில் 3
இன்னொன்று, என் பார்வையில் இதுவே முக்கியம்: சராசரி சதவீதம் ஏமாற்றும். களிமண் எங்கே, எப்படிப் படர்ந்திருக்கிறது என்பதே கேள்வி. நழுவும் பரப்பில் மெல்லிய தொடர்ச்சியான படலமாக இருந்தால், மொத்தத்தில் சிறு பங்கே ஆனாலும் பிளவு பலவீனமாகும். திட்டுத்திட்டாக இருந்தால் ஆபத்து வேறு: களிமண் திட்டு சத்தமில்லாமல் நழுவி, பக்கத்துக் குவார்ட்ஸ் திட்டின் மேல் சுமையை ஏற்றும். அந்தத் திட்டு ஒரு நாள் திடீரென உடையும்.

செலுத்துவதை நிறுத்தினால் எல்லாம் அடங்கும் என்றும் நம்பாதீர்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் புவிவெப்பக் கிணற்றில் 2006 டிசம்பரில் 3.4 அளவு அதிர்வு, செலுத்துவதை நிறுத்திய சில மணி நேரத்துக்குப் பிறகே வந்தது. அழுத்தம் பரவிக்கொண்டே இருந்தது.

கேள்வி கேட்டவர்
பாறை உள்ளகம் (உருளையாக வெட்டியெடுக்கும் முழு மாதிரி) எடுக்கவில்லை. படலமா திட்டா என்று எப்படி அறிவது?

பதில் 3
கிணற்றுச் சுவர்ப் படப்பதிவில் பிளவின் ஆழத்தைக் குறித்து, அங்கே பக்கச்சுவர் உள்ளகம் சில எடுங்கள். நழுவிய பரப்பைச் சுரண்டித் தனியாக எக்ஸ்ஆர்டி, மெல்வெட்டில் நுண்ணோக்கி. தூளாக்காமல் படலத்தோடு வெட்டிய துண்டையும் உராய்வுச் சோதனைக்கு வையுங்கள். அதே கனிமம் பொடியாக இருக்கும்போது வலுவாகக் காட்டும். துண்டு கிடைக்காவிட்டால், களிமண் நிறைந்த கலவை, களிமண் இல்லாத கலவை இரண்டையும் 160 டிகிரியில் சோதித்து, அறிக்கையில் இரண்டு எல்லைகளையும் கொடுங்கள்.