ஸ்பைடர்-மேன் பழைய இதழ்கள்: எந்த எண்ணிலிருந்து வாங்கத் தொடங்குவது?

சிப்புட் வாசகன்
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். ‘அமேசிங் ஸ்பைடர்-மேன்’ காமிக்ஸின் பழைய இதழ்களைச் சேர்க்க ஆசை. மாதம் 100 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்க முடியும். இணையத்தில் ‘நம்பர் 1’ என்று தேடினால் ஒன்று சொற்ப விலை, இன்னொன்று வீடு வாங்கும் விலை. இரண்டும் ஒரே இதழா? கதை புரிய எங்கிருந்து தொடங்குவது? இன்னொரு சிக்கலும் உண்டு. கையில் இருக்கும் ஐந்து இதழ்களில் மூன்றே மாதத்தில் பழுப்புப் புள்ளி விழுந்து, தாள்களைப் பிணைக்கும் கம்பிப் பின்னில் துரு ஏறிவிட்டது. தகரக் கூரை வீடு, இரும்பு அலமாரி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய தாள்
தம்பி, இரண்டும் வேறு வேறு இதழ்கள். இந்த ஏட்டுக்கு ‘நம்பர் 1’ பல உண்டு. 1963 மார்ச் தேதியிட்டதுதான் அசல் முதல் இதழ். அதற்கும் முன்னால், 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேசிங் ஃபேண்டசி’ 15ஆம் இதழில்தான் ஸ்பைடர்-மேன் முதலில் வந்தான். முதல் வரிசை 1998இல் 441ஆம் எண்ணோடு முடிந்தது. 1999 ஜனவரி தேதியிட்ட இதழில் மறுபடி 1 என்று போட்டார்கள். அந்த இரண்டாம் வரிசை 58 வரை போனது. 441ஓடு 58ஐக் கூட்டினால் 499 வருகிறதா? அதனால்தான் 58க்கு அடுத்து வந்த இதழின் எண் 500. நடுவில் ஏதோ தொலைந்துவிட்டது என்று தேடி அலைய வேண்டாம். 2014, 2015, 2018, 2022, 2025 ஆகிய ஆண்டுகளிலும் புதிதாக 1 போட்டிருக்கிறார்கள்.

ஆகவே எண்ணை மட்டும் சொல்லி வாங்கவே கூடாது. வரிசை, எண், மாதம், ஆண்டு நான்கையும் கேளுங்கள். முதல் பக்கத்தின் அடியிலோ முன்னட்டையின் உட்புறத்திலோ பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டை அசல்போலவே அச்சிட்ட மறுபதிப்புகள் நிறைய வந்துவிட்டன. காட்டிக்கொடுப்பது அந்தப் பொடி எழுத்துதான்.

தொடங்க என் பரிந்துரை: 224 முதல் 252 வரை (1982 ஜனவரி – 1984 மே). மொத்தம் 29 இதழ்கள். பெரும்பாலும் ரோஜர் ஸ்டெர்ன் எழுத்து, ஜான் ரொமிட்டா ஜூனியர் ஓவியம். கதைகள் ஒன்றிரண்டு இதழில் முடியும், ஆனால் பின்னணி இழை தொடர்ந்து ஓடும். புதிதாகச் சேர்ப்பவருக்கு இதைவிடத் தோதான துண்டு கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். 229, 230 இரண்டும் ஜகர்நாட் என்ற வில்லனைத் தடுக்கப் போராடும் கதை. அவற்றை ஜோடியாகவே வாங்குங்கள். 248இல் ஒரு சிறுவனைப் பற்றிய சிறுகதை இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

இந்தத் துண்டில் கை சுடும் இதழ்கள் இரண்டு. ஹாப்காப்ளின் என்ற வில்லன் முதலில் வரும் 238, ஸ்பைடர்-மேனின் கறுப்பு உடை வரும் 252. இவற்றைக் கடைசியில் வாங்கலாம். 238இல் தோலில் ஒட்டும் டாட்டூப் படத்தாள் ஒன்று இணைத்து வந்தது. அது இல்லாவிட்டால் விலை நன்றாக இறங்கும். படிக்க மட்டும் என்றால் அது இல்லாத பிரதியே போதும்.

பத்து காஜா அக்கா
நல்ல தேர்வு. இதோடு 1987இல் வந்த, கிரேவன் என்ற வில்லனின் வேட்டைக் கதையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அது மூன்று ஸ்பைடர்-மேன் ஏடுகளில் மாறி மாறி ஓடும். ‘வெப்’ 31, ‘அமேசிங்’ 293, ‘ஸ்பெக்டாகுலர்’ 131, பிறகு ‘வெப்’ 32, ‘அமேசிங்’ 294, ‘ஸ்பெக்டாகுலர்’ 132. ‘அமேசிங்’ மட்டும் வாங்கினால் ஆறில் இரண்டு பங்குதான் கையில் இருக்கும்.

அட்டைக் கட்டத்தில் பார்கோடு இருந்தாலும் அதன் இடத்தில் ஸ்பைடர்-மேன் முகம் இருந்தாலும் இரண்டும் அசலே. முதலாவது பத்திரிகைக் கடைக்குப் போனது, இரண்டாவது காமிக்ஸ் கடைக்குப் போனது. முகம் போட்டதை மறுபதிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 60களின் கதைகளைப் படிக்க ‘மார்வெல் டேல்ஸ்’ வாங்கலாம். பழைய கதைகளையே திரும்ப அச்சிட்ட ஏடு அது, விலை குறைவு.

சிப்புட் வாசகன்
நன்றி அண்ணே, நன்றி அக்கா. 224இலிருந்தே தொடங்குகிறேன். நேரில் பார்த்து வாங்க இடம் உண்டா? வாங்கும்போது எதைச் சோதிப்பது?

பத்து காஜா அக்கா
பினாங்கு சௌரஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மால் வாரக்கடைசிச் சந்தை. இரண்டு இடத்திலும் வரிசையாகக் கிடைக்காது. விடுபட்ட எண்களைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போங்கள்.

உள்ளே 32 பக்கம், அட்டை தனி. நடுத்தாள் கழன்று போயிருந்தால் 28தான் இருக்கும், கதை திடீரென்று தாவும். அதனால் பக்கத்தை எண்ணாமல் காசு கொடுக்காதீர்கள். 1974, 75 இதழ்களில் வாசகர் கடிதப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே அச்சிட்ட முத்திரைப் படத்தைப் பிள்ளைகள் கத்தரித்திருப்பார்கள், பின்பக்கமும் அதோடு போயிருக்கும். இதழின் நிலை, பத்துக்கு 4.0 இருந்தால் படிக்கவும் வைத்திருக்கவும் தாராளம். 9.4க்கு ஆசைப்பட்டால் 100 வெள்ளியில் நிறைய நகராது.

வெளிநாட்டிலிருந்து ஒவ்வொன்றாக வரவழைத்தால் இதழைவிட அஞ்சல் செலவு மிஞ்சும். ஒரே விற்பனையாளரிடம் பத்துக்கு மேல் சேர்த்து வாங்குங்கள். இதழைவிட ஒரு சென்டிமீட்டர் பெரிதாக வெட்டிய இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய தாள்
இனி புள்ளி, துரு விஷயம். பணம் வீணாவது இங்கேதான். தகரக் கூரை பகலில் கொதிக்கும், விடியற்காலையில் குளிரும். சூட்டில் ஈரம் பிடித்த காற்று, குளிர்ந்த இரும்புத் தகட்டில் பட்டு வேர்க்கும். அந்த ஈரம் தாளுக்குப் போகிறது. அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் இன்னும் மோசம். இரும்பு அலமாரியை விட்டுவிடுங்கள்.

ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடும் 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சின்ன ஈரப்பத மானி, ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் 150 கிராம் வாங்குங்கள். ஜெல்லைத் துணிப்பையில் கட்டி வையுங்கள், தாளில் படக்கூடாது. மானி 50 விழுக்காட்டுப் பக்கம் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டினால் ஜெல்லைப் பாருங்கள். பச்சையாக மாறியிருந்தால் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் ஓவன் அடுப்பில் இரண்டு மணி நேரம் காய வைத்து, ஆறியபின் திரும்ப வையுங்கள். மழை நாளில் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

80களின் இதழுக்கு ‘சில்வர்’ அளவுப் பை வாங்குங்கள், 7⅛ அங்குல அகலம். இன்றைய இதழுக்கான ‘கரண்ட்’ அளவு இறுக்கிப் பிடித்து மூலையை மடக்கிவிடும். பைக்குள் இதழுக்குப் பின்னால் வைக்கும் தாங்கு அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். அதன் பளபளப்பான பக்கம் இதழைப் பார்த்திருக்க வேண்டும். பெட்டியில் நேராக நிற்க வையுங்கள். சாய்ந்தால் முதுகு வளையும். வெளியே எடுக்கும்போது பை மடிப்பின் ஒட்டுநாடாவை முழுதாக உரித்துவிட்டு எடுங்கள். அட்டை கிழிவது பெரும்பாலும் அந்த நாடாவில் ஒட்டித்தான்.

பூச்சி உருண்டை போடாதீர்கள், அந்த வாடை தாளில் ஏறினால் போகாது. ராமபாணப் பூச்சிக்கு ஈரம் குறைந்தாலே போதும்.

சிப்புட் வாசகன்
ஏற்கெனவே புள்ளி விழுந்த ஐந்தையும் என்ன செய்வது? வெயிலில் காய வைக்கலாமா?

பழைய தாள்
வெயில் கூடவே கூடாது, அட்டைச் சாயம் வெளுத்துவிடும். நிழலில், மின்விசிறியின் காற்று நேரே படாமல், இரண்டு நாள் விரித்து வையுங்கள். பொடியாகப் பூசணம் தெரிந்தால் முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் உள்ளே இறங்கிவிடும். பழுப்புப் புள்ளி வீட்டில் போகாது. துருப்பிடித்த பின்னையும் மாற்ற வேண்டாம், மாற்றினால் பழுதுபார்த்த பிரதி என்றாகி மதிப்புக் குறையும். அந்த ஐந்துக்கும் தனிப் பெட்டி, தனி ஜெல். புதிதாக வரும் 224ஐ அவற்றோடு சேர்த்து வைத்துவிடாதீர்கள்.