கெய்ரோவுல அரபி படிக்க அப்போஸ்டில் போதுமா?

கேள்வி (தர்மபுரி): தங்கச்சி கெய்ரோவுல அரபி படிக்கப் போறா. பெரியார் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டுல ஆவணம் செல்ல வெளியுறவு அமைச்சகம் தர்ற சான்று) வாங்கினா போதுமா அண்ணா?

பதில் 1: போதாது தம்பி. அந்தச் சான்றை ஏத்துக்கிற நாடுகளோட ஹேக் அப்போஸ்டில் ஒப்பந்தத்துல எகிப்து இல்ல. முதல்ல சென்னையில மாநில உயர்கல்வித் துறை சான்றொப்பம், அடுத்து வெளியுறவு அமைச்சகம், கடைசியா எகிப்து தூதரகம். வரிசை மாறினா திருப்பிடுவாங்க. ஒவ்வொருத்தரும் முந்தின கையெழுத்தைத்தான் சரிபார்க்கிறாங்க. சவுதி, ஓமன், மொராக்கோன்னா தூதரகப் படியே இல்ல, அப்போஸ்டில் செல்லும்.

பதில் 2 (கிருஷ்ணகிரி): பட்டத்தை லேமினேஷன் பண்ணிடாதீங்க, முத்திரை குத்த முடியாது. மார்க் ஷீட்டுல இனிஷியல், பாஸ்போர்ட்டுல அப்பா பேரு முழுசா இருந்தா, ரெண்டும் ஒரே ஆள்னு பிரமாணப் பத்திரம் தயாரா வைங்க. இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க.

பதில் 3: வகுப்புல ஃபுஸ்ஹா (எழுத்து வழக்கு அரபி), கடைத்தெருவுல எகிப்தியப் பேச்சு வழக்கு. ரெண்டும் சொல்லித்தர்ற இடமா பாருங்க.