தம்பி ஜெர்மனி போயி மூணு வாரம்தான் ஆவுது, திரும்பி வந்துடுறேங்குறான், என்ன சொல்றது?

நன்னிலம்_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். நான் நன்னிலம் பக்கம், பாஸ்போர்ட் கூட எடுத்ததில்ல, கேக்குறது தம்பிக்காக. மெக்கானிக்கல் முடிச்சிட்டு ரெண்டு வருஷம் ஒரகடத்துல வேல பாத்தான், இப்ப எம்.எஸ். படிக்க ஜெர்மனில மாக்டபர்க்குங்குற ஊருக்கு அக்டோபர் முத வாரம் கெளம்பி போனான். வீட்டு பத்திரத்த வச்சு லோன் போட்டுருக்கு. ஒரு வருஷ செலவுக்குன்னு 11,904 ஈரோவ ப்ளாக்ட் அக்கவுண்ட்ல கட்டி, அதுலேர்ந்து மாசாமாசம் 992 ஈரோ அவனுக்கு வரும்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. அந்த காசே இன்னும் அவன் கையில வந்து சேரல. அங்க ஒரு பேங்க்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிருக்கான், கார்டும் பின் நம்பரும் தபால்ல வருமாம், இந்தா அந்தான்னு பதினாறு நாளாச்சு ஒண்ணும் வரல. கொண்டுபோன கைக்காசுலதான் ஓட்டுறான்.

தங்கியிருக்குறது ஒரு சீனியர் பையனோட வீடு, அவரு இன்டர்ன்ஷிப்புக்கு வேற ஊரு போயிட்டதால ஆறு மாசத்துக்கு அந்த ரூம இவனுக்கு உள்வாடகைக்கு விட்டுருக்காரு. கூட ரெண்டு பேரு இருக்காங்க, வட நாட்டு பசங்க, அவங்களுக்குள்ள இந்தில பேசிக்கிறாங்க, இவன் கதவ சாத்திக்கிட்டு உள்ள கெடக்கான். முத நாளு கிளாஸுக்கு பத்து மணின்னு போட்டுருக்கேன்னு 9:55க்கு போயிருக்கான், ரூம்ல ஈ காக்கா இல்ல, அஞ்சு நிமிஷம் நின்னு பாத்துட்டு கிளாஸ் கேன்சல்னு நெனச்சு திரும்பி வந்துட்டான். அப்பறம் கேட்டா கிளாஸ் நடந்துருக்கு. தயிருன்னு நெனச்சு ஏதோ ஒரு டப்பாவ வாங்கி சாதத்துல போட்டா அது பன்னீர் மாவு மாரி திக்கா இருக்காம். இதெல்லாம் சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவான் முத வாரம். இப்ப சிரிக்கிறதில்ல.

தீபாவளி அன்னிக்கு காலைல நாலரைக்கு வீடியோ கால் போட்டோம், அவனுக்கு நடுராத்திரி ஒரு மணி, முழிச்சிதான் இருந்தான். அம்மா எண்ணெய் கிண்ணத்த போன் முன்னாடி காட்டி, எதாச்சும் எண்ணெய் இருந்தா மூணு சொட்டு தலைல வச்சுக்கடான்னாங்க. அவன் எழுந்து போயி சமையல் எண்ணெய் பாட்டில எடுத்துட்டு வந்து வச்சுக்கிட்டான், சன்ஃப்ளவர் ஆயில். வச்சுட்டு கேமராவ ஆஃப் பண்ணிட்டான். அன்னிக்கு சாயங்காலம் எனக்கு மட்டும் மெசேஜ், “அக்கா நான் வந்துடுறேன், அப்பாகிட்ட நீ சொல்லு”ன்னு.

அப்பாகிட்ட நான் சொல்லல. அவரு குறுவை நெல்ல அறுத்து கொள்முதல் நிலையத்துல கொட்டிட்டு தார்ப்பாயும் கையுமா ராத்திரி பகலா அங்கயே கெடக்காரு, இந்த மழைல ஈரப்பதம் 17க்கு கீழ எறங்குனாதான எடுப்பாங்க. அவருகிட்ட இத எப்படி சொல்றது. யாராச்சும் அந்த பக்கம் படிச்சவங்க இருந்தா சொல்லுங்க, இது எல்லாருக்கும் வர்றதுதானா, இல்ல இவனுக்கு நெசமாவே ஒத்துக்கலையா? அம்மா நெய், சுண்டவத்தல், முறுக்குன்னு ஒரு பார்சல் கட்டி வச்சுருக்காங்க, அனுப்பலாமா?

கூத்தாநல்லூர்_பாய்:

தங்கச்சி, நான் 94ல சிங்கப்பூர் போனேன். படிக்க இல்ல, கன்ஸ்ட்ரக்‌ஷன். அப்ப போன் பேச காசு ஏது, கேசட்ல பேசி ஊருக்கு போற ஆளுகிட்ட குடுத்து விடுவோம், வீட்டுல அத டேப்ல போட்டு கேட்டு அழுவாங்க, பதிலுக்கு ஒரு கேசட் வர ஒன்றரை மாசம் ஆயிடும். ஆறு மாசம் ஒவ்வொரு ராத்திரியும் ஓடி வந்துடலாம்னுதான் இருந்துச்சு. என்ன கேட்டா தினம் வீடியோ கால் போடுறத நிறுத்துங்க. ஊருல நடக்குறது பூரா கண்ணு முன்னாடி தெரிஞ்சா அவனுக்கு கால் அங்க ஊனாது. வாரத்துக்கு ஒரு தடவ போதும். தானா சரியா போயிடும்.

மாயவரத்துக்காரி:

பாய் சொல்றதுல பாதி சரி, பாதிக்கு நான் ஒத்துக்க மாட்டேன். கேமராவ ஆஃப் பண்ற புள்ளைய வாரத்துக்கு ஒரு தடவன்னு விட்டா அவன் அந்த ரூம்லயேதான் கெடப்பான். நானும் ஜெர்மனிலதான், லைப்சிக்ல இருக்கேன், ஆறாவது வருஷம் ஓடுது. அக்கா, நீங்க எழுதுனத படிச்சதும் எனக்கு மனசு பத்துன விஷயத்துக்கு முன்னாடி தபால் பத்துன விஷயம்தான் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு மட்டும் கேட்டு சொல்லுங்க: அந்த வீட்டு தபால் பெட்டில தம்பி பேரு ஒட்டிருக்கா?

நம்ம ஊருல தபால்காரரு கதவு நம்பரே பாக்க மாட்டாரு, இன்னாரு மவன்னா போதும், வீட்டுல இல்லாட்டி டீக்கடைல குடுத்துட்டு போவாரு. இங்க ஃப்ளாட்டுக்கு தனி நம்பரே கெடையாது பல எடத்துல, கீழ வாசல்ல பெட்டி வரிசையா இருக்கும், பெட்டி மேல என்ன பேரு இருக்கோ அந்த பேருக்கு வர்ற தபால்தான் அதுல விழும். பேரு இல்லன்னா அந்த மாரி ஆளு இல்லன்னு எழுதி திருப்பி அனுப்பிடுவாங்க. தம்பி பேங்க் தபால் அப்படித்தான் போயிருக்கும்னு நெனக்கிறேன். எனக்கும் முத மாசம் இதேதான், நான் பேங்க்க திட்டிக்கிட்டு இருந்தேன், பெட்டில ஒட்டியிருந்தது போன வருஷம் காலி பண்ணிட்டு போன பொண்ணு பேரு.

ஒரு பேப்பர்ல பேர எழுதி செலோடேப் போட்டு ஒட்டுனா போதும், இன்னிக்கே ஒட்ட சொல்லுங்க. அப்பறம் பேங்க்குக்கு போன் பண்ணி கார்டும் பின்னும் திரும்ப அனுப்ப சொல்லணும், ரெண்டும் தனித்தனி கவர்ல தனித்தனி நாள்ல வரும், ஒண்ணு வந்துட்டு இன்னொண்ணு வரலன்னு பதற வேணாம்.

அடுத்து, அன்மெல்டுங் முடிச்சிட்டானா? வீடு குடிபோன ரெண்டு வாரத்துக்குள்ள டவுன் ஆபீஸ்ல போயி அட்ரஸ் பதிஞ்சாவணும். அதுக்கு வீடு குடுத்தவரு கையெழுத்து போட்ட ஒரு ஃபாரம் வேணும், வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங், பேரே ஒரு கூட்ஸ் வண்டி நீளம். ஓனர்தான் போடணும்னு நெனச்சு நெறைய பேரு தவிப்பாங்க, உள்வாடகைக்கு விட்டவரே போடலாம், ஆக அந்த சீனியர்கிட்டயே வாங்கலாம். ஆனா அவரு ஓனர்கிட்ட சொல்லிட்டுதான் விட்டுருக்காரான்னு கேட்டுக்க சொல்லுங்க, அது முக்கியம். பதிஞ்சப்பறம் டாக்ஸ் நம்பர் வரும், அதுவும் தபால்லதான். கூடவே டிவி ரேடியோ கட்டணம்னு மாசம் 18.36 கேட்டு ஒரு லெட்டர் வரும், டிவியே இல்லன்னு குப்பைல போட்டுட வேணாம். வீட்டுக்கு ஒருத்தர் கட்டுனா போதும், கூட இருக்குறவங்க ஏற்கனவே கட்டுறாங்கன்னா அவங்க நம்பர போட்டு பதில் எழுதணும்.

வந்துடுறேங்குறத பத்தி, மூணு வாரத்துல முடிவெடுக்க வேணாம்னு மட்டும் சொல்லுங்க, வராதன்னு சொல்லாதீங்க. ரெண்டும் வேற வேற. மனசு ரொம்ப பாரமா இருந்தா மாணவர்களுக்கு இலவச கவுன்சலிங் இருக்கு, ஸ்டுடென்டன்வெர்க்னு மாணவர் நல அமைப்பு ஒண்ணு இருக்கு, அவங்க சைட்ல பாத்தா தெரியும், இங்கிலீஷ்லயும் பேசலாமான்னு கேட்டுக்கலாம். நான் போயிருக்கேன், இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

குடமுருட்டி:

அட நம்ம மாக்டபர்க்! நான் அங்கதான் படிச்சேன், இப்ப தஞ்சாவூர் வந்து செட்டில் ஆயிட்டேன்.

காலியா இருந்த கிளாஸ் கதைய கேட்டு சிரிச்சிட்டேன், மன்னிச்சிக்கங்க. டைம்டேபிள்ல பத்துக்கு பக்கத்துல சி.டி.ன்னு சின்னதா போட்டுருக்கும், அப்படின்னா 10:15க்குதான் ஆரம்பிப்பாங்க. எஸ்.டி.ன்னு இருந்தா கரெக்டா பத்து. இத ஒருத்தரும் சொல்லித்தர மாட்டாங்க, எல்லாருமே ஒரு தடவ காலி ரூம்ல நின்னவங்கதான்.

அவன் வாங்குனது குவார்க். தயிருக்கு நாத்தூர் யோகுர்ட்னு போட்ட டப்பா, 3.5 சதவீதம் கொழுப்பு பாத்து எடுக்கணும். அரிசிக்கு இந்தியன் கடைய தேடி அலைய வேணாம், எல்லா சூப்பர்மார்க்கெட்லயும் மில்ஷ்ரைஸ்னு குட்டை அரிசி விப்பான், அவங்க அத பால்ல வேகவச்சு இனிப்பா திங்கிறதுக்கு வச்சுருக்காங்க, நமக்கு கொழைய வடிச்சா தயிர்சாதத்துக்கு அவ்ளோ பாந்தமா இருக்கும். ஏடிடி 43 சாப்புட்டு வளந்த நாக்குதான் நமக்கும், சும்மா சொல்லல. ரோட்டே லின்ஸன்னா மைசூர் பருப்பு, கால் மணி நேரத்துல வெந்துடும். ஞாயித்துக்கெழம கடை பூரா சாத்திருக்கும், சனிக்கெழமயே வாங்கி வச்சுரணும். அக்டோபர் 31ம் அந்த மாநிலத்துல லீவு, மறந்துட்டா ரொட்டிதான்.

பார்சல்ல நெய் வேணாங்க. ஐரோப்பாக்குள்ள வெளிநாட்டு பால், கறி சாமான் எதுவும் விட மாட்டாங்க, நெய்யும் பால்கோவாவும் அதுல சேத்தி, புடிச்சா தூக்கி போட்டுருவாங்க. சுண்டவத்தல், முறுக்கு, இட்லி பொடி அனுப்புங்க, முறுக்க வெண்ணெய் போடாம சுடுங்க. பார்சல் மேல கிஃப்ட்னு எழுதி மதிப்பு 45 ஈரோக்குள்ள காட்டுற மாரி சாமான் வைங்க, அதுக்கு மேல போனா கஸ்டம்ஸ் ஆபீஸுக்கு அலைய விடுவாங்க. குக்கர் கொண்டு போயிருந்தா, அங்க அடுப்பு இன்டக்‌ஷனான்னு பாக்கணும், அலுமினியம் குக்கர் இன்டக்‌ஷன்ல ஏறாது. வெறும் கண்ணாடி மாரி செவக்குற அடுப்புன்னா ஏறும்.

அப்பறம் ஒண்ணு. ஊருக்கு வடக்க ஹோஹன்வார்த்தேன்னு ஒரு எடம், அங்க எல்ப ஆத்துக்கு மேல பாலம் கட்டி அது மேல ஒரு கால்வாய் போவும், தண்ணி மேல தண்ணி, அதுல கப்பல் வேற போவும். 918 மீட்டர், 2003ல தொறந்தாங்க. நம்ம பக்கம் ஆத்துக்கு அடில சைபன் வச்சு வாய்க்கால கடத்துறத பாத்துருப்பான்ல, இது தலைகீழ். நான் மொத மாசம் அழுதுக்கிட்டு கெடந்தப்ப ஒரு சீனியர் அண்ணன் சைக்கிள் குடுத்து அங்க கூட்டிட்டு போனாரு. மதகு எங்க, ஷட்டர் எங்க, உபரி தண்ணி எங்க எறங்குதுன்னு ரெண்டு மணி நேரம் சுத்தி சுத்தி பாத்தேன், அன்னிக்கு ராத்திரிதான் ஒழுங்கா தூங்குனேன். அக்டோபர் கடைசி ஞாயிறு மணிய பின்னாடி தள்ளிடுவாங்க, அப்பறம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டு, நமக்கும் அவங்களுக்கும் வித்தியாசம் மூன்றரைலேர்ந்து நாலரை மணி நேரம் ஆயிடும். அதுக்குள்ள பகல்ல போயிட்டு வர சொல்லுங்க.

நன்னிலம்_அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இப்பதான் பேசுனேன். பேரு ஒட்டிருக்கானாம்! வந்த அன்னிக்கே ஒட்டிட்டேங்குறான். போட்டோ அனுப்ப சொன்னேன், அவன் பேரு அழகா பெரிய எழுத்துல இருக்கு. அப்ப தபால் ஏன் வரல?

மாயவரத்துக்காரி:

அவன் பேரு மட்டுமா? அப்பா பேரு இல்லையா?

அக்கா, அவன் பாஸ்போர்ட்ட எடுத்து பாருங்க, சர்நேம்ங்குற எடத்துல அப்பா பேருதான இருக்கும். இவங்களுக்கு அதுதான் குடும்ப பேரு. பேங்க், இன்சூரன்ஸ், யுனிவர்சிட்டி எல்லாம் ஹெர்னு, அதான் நம்ம மிஸ்டர் மாரி, போட்டு அப்பா பேரத்தான் எழுதுவாங்க. தபால்காரரு பெட்டில தேடுறதும் அதத்தான். என்ன ஆறு வருஷமா எங்க அப்பா பேர சொல்லித்தான் கூப்புடுறாங்க, ஆஸ்பத்திரில நர்ஸ் கூப்பிட்டப்ப அப்பா எங்க இங்க வந்தாருன்னு திரும்பி பாத்துருக்கேன்.

கூத்தாநல்லூர்_பாய்:

இது எனக்கு தெரியாது. சிங்கப்பூர்ல எங்களுக்கு தபால் கம்பெனி அட்ரஸுக்குதான் வரும். அந்த பொண்ணு சொல்ற மாரி செய்ங்க தங்கச்சி. போன் விஷயத்துலயும் நான் சொன்னத விட்டுருங்க, தினமே பேசுங்க.

நன்னிலம்_அக்கா:

பத்து நாள் கழிச்சு வர்றேன், மழைல இங்க கரண்ட் போயி போயி வந்துச்சு. கார்டு வந்துட்டு. மூணு நாள் கழிச்சு பின் நம்பரும் வந்துட்டு. இன்சூரன்ஸ் லெட்டர் ரெண்டு சேந்து வந்துருக்கு, அன்மெல்டுங்குக்கு சீனியர் கையெழுத்து போட்டு ஃபாரத்த அனுப்பிட்டாரு, 11ந் தேதி அப்பாயின்ட்மென்ட். வந்துடுறேங்குறத பத்தி நானும் கேக்கல அவனும் எடுக்கல. தண்ணி மேல தண்ணி போற எடத்துக்கு கூட இருக்குற வட நாட்டு பையன் ஒருத்தன கூட்டிட்டு போயிருக்கான், அதுல எப்படி மண்ணு படியாம வச்சுருக்காங்கன்னு எனக்கு அரை மணி நேரம் சொன்னான், ஒண்ணும் வெளங்கல, சொல்லட்டும்னு விட்டுட்டேன்.

தபால் பெட்டி போட்டோவ அப்பாகிட்ட காட்டுனேன், அவரு பேரு மட்டும் தனியா இங்கிலீஷ்ல ஒட்டிருக்கு, பக்கத்துல யாரோ ஒரு ஜெர்மன்காரரு பேரு. நெல்லு எட போட்டு முடிஞ்சி அன்னிக்குதான் வீட்டுக்கு வந்துருந்தாரு. கண்ணாடிய போட்டுக்கிட்டு பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்தாரு. பாத்துட்டு, “ஆதார் கார்டுல ஒரு ஏ-தான இருக்கு, இவன் என்ன ரெண்டு ஏ போட்டுருக்கான்”னாரு. இதனால தபால் எதும் நின்னு போயிடாதே?

மாயவரத்துக்காரி:

பாஸ்போர்ட்ல எத்தன ஏ இருக்கோ அத்தன ஏ போட சொல்லுங்க க்கா.