கரும்புச் சோகைக்குள் மூன்று குட்டிகள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

சோகைக்காடு:
போன மாசியில் சத்தியமங்கலம் பக்கம் எங்கள் தோட்டத்தில் கரும்பு வெட்டு. சோகைக்குள், அதாவது காய்ந்த கரும்பிலைக்குள், மூன்று குட்டிகள். "சிறுத்தைக் குட்டிங்க!" என்று ஒரு அக்கா கத்த, ஆட்கள் எல்லாம் வரப்பில் ஏறி நின்றுவிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த கதைதான், காட்டுப்பூனைக் குட்டிகள். சின்னதில் மேலே வரி இருக்கும், வளர வளர மறைந்துவிடும்.

நான் செய்த தப்பு, தக்காளிக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது. எங்கள் பூனை மணியும் இதே வயதில் தாயில்லாமல் வந்தவள்தான். பாலாடையை நீட்டினால் கையோடு ஒட்டிக்கொள்வாள். அதே பாலாடை, அதே கை. இந்தக் குட்டி வாயே திறக்கவில்லை. திறந்தபோது சீறுவதற்குத்தான் திறந்தது. கண் திறந்து நாலைந்து நாள்தான் இருக்கும். காதைப் பின்னால் படியவைத்து அது சீறியதில் உடம்பே உதறியது. மூக்கில் தெறித்த ஒரு சொட்டுப் பாலைக்கூட நக்கவில்லை, அப்படியே காய்ந்துபோனது.

சாயங்காலம் எடுத்த இடத்திலேயே வைத்தோம். காலையில் இரண்டைக் காணோம். ஒன்று மட்டும் அங்கேயே கிடந்தது.

டீத்தூள்:
வால்பாறை. காலை ஏழு மணி, பனி. எஸ்டேட் ஓடையில் கழுத்தளவு தண்ணீரில் ஒரு கடமான், கரையில் ஐந்து செந்நாய்கள். சத்தம் என்றால் விசில் மாதிரி மெல்லியதாக ஒன்று, அவ்வளவுதான். குரைப்பே இல்லை. என்னோடு வந்த கறுப்பன், ஊரையே குரைத்து எழுப்புகிற நாய், வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். "இப்ப என்ன பண்றது?" என்று கேட்கிற பார்வை. அதே நேரம் ஒரு செந்நாயும் என்னைப் பார்த்தது. பக்கத்தில் நிற்கிற சில்வர் ஓக் மரத்தைப் பார்ப்பதுபோல. பார்த்துவிட்டு மானிடம் திரும்பிக்கொண்டது. எனக்கு இன்றுவரை உறைப்பது அந்தத் திரும்பல்தான்.

எதிர்வாதம்:
இருவரும் ஒப்பிடுவதே தப்பு. செந்நாய் வேறு பேரினம். வீட்டு நாயின் மூதாதை ஓநாய். அதேபோல மணியின் பாட்டி கரும்புக்காட்டுப் பூனை இல்லை, மேற்காசியப் பக்கத்துக் காட்டுப்பூனை. தானியம் சேர்த்த இடத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்தது. சைப்ரஸில் சுமார் 9,500 ஆண்டுக்கு முந்தைய புதைகுழியில் மனிதரோடு ஒரு பூனையையும் வைத்திருந்தார்கள். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்பதே அபூர்வம், அது பெரும்பாலும் நமக்கான பாஷை.

பழக்குவதும் வீட்டு விலங்காவதும் ஒன்றல்ல. முகாம் யானை பழகிய யானை, ரத்தத்தில் காட்டு யானைதான். 1959இல் சைபீரியாவில் பெல்யாயெவ் என்ற மரபியல் விஞ்ஞானி நரிகளில் மனிதனுக்கு அஞ்சாதவற்றை மட்டும் பொறுக்கி இனம்பெருக்கினார். சில தலைமுறைகளிலேயே வாலாட்டும் குட்டிகள் வந்தன.

என் அனுபவமா? தெருநாய் கடித்திருக்கிறது. இரண்டு முறை.

டீத்தூள்:
சார், நான் வம்சாவளி எழுதவில்லை. அது பார்த்த விதத்தைத்தான் எழுதினேன்.

அடைக்கோழி:
சிறு வயதில் காட்டுக்கோழி முட்டை நான்கை வீட்டுக் கோழிக்கு அடை வைத்தோம் (திட்டாதீர்கள், ஆத்தா சொன்னதைச் செய்தோம்). மூன்று பொரித்தன. பருந்து நிழல் விழுந்ததும் கோழி கூப்பிட்டது. அதன் சொந்தக் குஞ்சுகள் இறக்கைக்குள் ஓடின. இவை மூன்றும் நின்ற இடத்திலேயே சருகோடு சருகாக அசையாமல் கிடந்தன. ஆத்தாவே ஒன்றை மிதிக்கப் போனாள். நாலாம் நாள் மூன்றும் வேலிக்கு அந்தப்பக்கம்.

வாட்சர் மகன்:
சோகைக்காடு அண்ணா, கேட்காமலே சொல்கிறேன், கோபிக்காதீர்கள். குட்டிகளைப் பார்த்தால் முதலில் அந்த இரண்டு பாத்தியை வெட்டாமல் விட்டுவிட்டு ஆட்களை வேறு பக்கம் அனுப்புங்கள். தாய் பக்கத்திலேயேதான் இருக்கும், இருட்டினால் வந்து கவ்விக்கொண்டு போகும். கூட்டம் கூடி போட்டோ எடுத்தால் வராது. பசும்பால் கொடுக்கவே கூடாது, வயிற்றால் போகும். வெயில் அடித்தால் மேலே சோகையைச் சாய்த்து வையுங்கள், அதுவே போதும். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பது குற்றம், நல்ல எண்ணத்தில் வைத்தாலும். அப்புறம் டீத்தூள் அண்ணா, கறுப்பனுக்குத் தடுப்பூசி போட்டாச்சா? வெறிநோயும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் வீட்டு நாயிடமிருந்து செந்நாய்க்குத் தொற்றும். என் அனுபவம் பெரிதாக ஒன்றுமில்லை. முதுமலையில் அப்பாவோடு போனபோது ஒருமுறை சிறுத்தையின் வால் மட்டும் பார்த்தேன்.

அடைக்கோழி:
அந்த மூன்றாவது குட்டி என்ன ஆச்சு? அதைச் சொல்லவே இல்லையே.

சோகைக்காடு:
இன்னொரு ராத்திரியும் விட்டுப் பார்த்தோம். காலையில் சோகை மட்டும் குட்டி படுத்த அளவுக்கு அமுங்கியிருந்தது. தாய் எடுத்ததா, நரி எடுத்ததா, தெரியாது. பாத்தியை வெட்டாமல் நாலு நாள் வைத்திருந்தேன், மேஸ்திரி சண்டைக்கு வந்துவிட்டார். தக்காளிக் கூடை இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது. எந்தப் பெட்டியைக் கண்டாலும் ஏறிப் படுக்கிற மணி, அதை முகர்ந்துவிட்டுச் சுற்றிப் போகிறாள்.