பிஒய்பி ஸ்கேன் கிரேடு 2, கொழுப்பு பயாப்ஸி நெகட்டிவ்: இதயத்திலிருந்து திசு எடுத்தே ஆகணுமா?

செம்பூர்_காலனி

அப்பாவுக்கு வயது 67, மும்பை செம்பூர். சில மாதமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது. வருஷக்கணக்காகப் போட்டுவந்த பிபி மாத்திரை இப்போது ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்தாலே தலை சுற்றுகிறது என்று நிறுத்திவிட்டார்கள். எக்கோவில் இதயச் சுவர் 15 மி.மீ., பம்பிங் 52%. சுவர் இவ்வளவு தடிமனாக இருந்தும் ஈசிஜி அலைகள் சின்னதாக இருப்பதால் கார்டியாலஜிஸ்ட் அமிலாய்டோசிஸ் (அமிலாய்டு என்ற கோளாறான புரதம் திசுவில் படியும் நோய்) சந்தேகப்பட்டார்.

இதுவரை வந்த ரிப்போர்ட்: சீரம் எலக்ட்ரோஃபோரெசிஸில் (ரத்தப் புரதங்களை ஜெல்லில் பிரிக்கும் சோதனை) எம் பேண்டு, அதாவது ஒரே வகை ஆன்டிபாடி குவிந்தால் தெரியும் கோடு, இல்லை. ஃப்ரீ லைட் செயின் (ரத்தத்தில் தனியாகத் திரியும் ஆன்டிபாடித் துண்டுகள்) கப்பா 24, லேம்டா 142 மி.கி./லி., விகிதம் 0.17. கிரியேட்டினின் 1.1. வயிற்றுக் கொழுப்பு பயாப்ஸி, காங்கோ ரெட் (அமிலாய்டைக் காட்டும் சாயம்) நெகட்டிவ். பிஒய்பி ஸ்கேனில் (பைரோபாஸ்ஃபேட் ஊசி போட்டு அது இதயத்தில் ஏறுகிறதா என்று பார்ப்பது) "கிரேடு 2, ஏடிடிஆர் வகைக்கு ஒத்துப்போகிறது". ஏடிடிஆர் என்றால் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் படியும் வகையாம்.

ஒரு டாக்டர் ஸ்கேனே போதும், ஏடிடிஆர் மாத்திரை தொடங்கலாம் என்கிறார். இன்னொருவர் இதய பயாப்ஸி கேட்கிறார். எது சரி?

மஜ்ஜை

0.17-ஐ தாண்டிக்கொண்டு யாரும் ஸ்கேனுக்குப் போயிருக்கவே கூடாது. விகிதத்தின் இயல்பு அளவு 0.26 முதல் 1.65 வரை. கிட்னி பழுதானால் இது மேலே போகும், 3.1 வரைகூட ஏற்றுக்கொள்வார்கள், கீழே இறங்காது. அப்பாவுக்குக் கிரியேட்டினினும் சரியாக இருக்கிறது. அதனால் கிட்னிமேல் பழி போட வழியில்லை. லேம்டா எங்கிருந்தோ அதிகமாகச் சுரக்கிறது.

எம் பேண்டு இல்லை என்பதில் ஆறுதல் கிடையாது. ஏஎல் வகையில் (லைட் செயின் அமிலாய்டாகப் படிவது) அதைச் சுரக்கும் கெட்டுப்போன பிளாஸ்மா செல்கள் மஜ்ஜையில் கொஞ்சமாகவே இருக்கும், அந்த ஜெல்லில் கோடாகத் தெரியுமளவு புரதம் வராது. ரத்தத்திலும் சிறுநீரிலும் இம்யூனோஃபிக்சேஷன் (அதே புரதத்தை இன்னும் நுணுக்கமாகத் தேடும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். லைட் செயினோடு இந்த இரண்டும் சேர்ந்தால்தான் "மோனோகுளோனல் புரதம் (ஒரே செல் கூட்டம் சுரக்கும் ஒரே வகைப் புரதம்) இல்லை" என்று ஒருவர் சொல்ல முடியும்.

பயாப்ஸி இல்லாமல் ஸ்கேனை வைத்தே ஏடிடிஆர் என்று முடிவு செய்யலாம் என்ற வழக்கம் 2016-இல் கில்மோர் குழுவின் ஆய்வுக்குப் பிறகு வந்தது. அதிலேயே நிபந்தனை தெளிவாக இருக்கிறது: கிரேடு 2 அல்லது 3 வரவேண்டும், கூடவே ரத்தம், சிறுநீர் இரண்டிலும் மோனோகுளோனல் புரதம் இல்லாமல் இருக்கவேண்டும். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. ஏஎல் நோயாளிகளிலும் ஐந்தில் ஒருவருக்காவது இந்த ஸ்கேன் மருந்து இதயத்தில் ஓரளவு ஏறும்.

அதற்காக ஏஎல் என்று தீர்மானித்துக் கீமோ தொடங்குவதும் தப்புதான். இந்த வயதில் எந்தத் தொந்தரவும் தராத எம்ஜியுஎஸ் (நோயாக மாறாத மோனோகுளோனல் புரதம்) பலருக்கு இருக்கும். ஏடிடிஆர் இருப்பவருக்கே பக்கத்தில் எம்ஜியுஎஸ்ஸும் இருந்தால் ரிப்போர்ட் இப்படியேதான் வரும். ஏஎல்லுக்கு டாராட்டுமுமாப், போர்ட்டிசோமிப் என்று போகணும், ஏடிடிஆருக்கு டஃபாமிடிஸ். மாற்றிக் கொடுத்தால் பலன் பூஜ்யம். இதயம் தளர்ந்த ஏஎல்லில் சிகிச்சை இல்லாமல் போனால் கணக்கு மாதங்களில்தான். திசுவில் படிந்திருக்கும் புரதம் எது என்று பெயர் சொல்லியாகணும்.

தாணா_டு_தாதர்

இவ்வளவு எதுக்கு? கார்டியாக் எம்ஆர்ஐ எடுத்தால் தெரிஞ்சுடுமே.

மஜ்ஜை

அமிலாய்டு இருக்கிறது என்று காட்டும். எந்த அமிலாய்டு என்று காட்டாது. இங்கே தகராறே வகையைப் பற்றித்தான்.

மைக்ரோடோம்

கொழுப்பு ரிப்போர்ட்டைப் பற்றி. "நெகட்டிவ்" என்ற சொல்லுக்கு முன்னால் சில கேள்வி கேட்கணும்.

முதலில் வெட்டின தடிமன். வழக்கமான ஸ்லைடு 3, 4 மைக்ரான். காங்கோ ரெட்டுக்கு 8 முதல் 10 வேண்டும். மெல்லிசாக வெட்டினால் கொஞ்சமாகப் படிந்திருக்கும் அமிலாய்டின் பச்சை கண்ணுக்கே எட்டாது. பிஸியான லேபில் எல்லா பிளாக்கையும் ஒரே செட்டிங்கில் வெட்டிக்கொண்டே போவார்கள், சீட்டில் எழுதாவிட்டால் இதுவும் அதோடு போய்விடும்.

அடுத்து சாயம். புச்ட்லர் முறையில் உப்பு சேர்ந்த 80% ஆல்கஹால் கரைசல். அதில் சோடியம் ஹைட்ராக்சைடை விட்டு, வடிகட்டி, 15 நிமிஷத்துக்குள் பயன்படுத்தணும். காலையில் கலக்கி வைத்ததைச் சாயங்காலம் போட்டால் சாயம் சரியாக ஏறாது. ஒவ்வொரு பேட்சிலும் அமிலாய்டு உறுதியான கன்ட்ரோல் ஸ்லைடு ஒன்று கூடவே ஓடியிருக்கணும். அந்தக் கன்ட்ரோலும் மாதக்கணக்கில் வெட்டி வைத்த பழசாக இருக்கக்கூடாது.

பார்ப்பதிலும் கோளாறு வரும். போலரைசரைக் குறுக்காக வைத்து, பின்னணி முழுக்க இருட்டாகும்வரை திருப்பி, மைக்ரோஸ்கோப் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து, அறை விளக்கை அணைத்துப் பார்க்கணும். கொலாஜன் வெள்ளி மாதிரி வெள்ளையாக மின்னும், அது அமிலாய்டு இல்லை. ஆப்பிள் பச்சை வரணும், ஸ்டேஜைத் திருப்பினால் பச்சையும் மஞ்சளும் இடம் மாறும். கொழுப்பில் இதைக் கொழுப்புச் செல்லைச் சுற்றி மெல்லிய வளையமாகவும் சின்ன ரத்தக்குழாய்ச் சுவரிலும் தேடணும். சந்தேகமிருந்தால் அதே ஸ்லைடை ஃப்ளூரசன்ஸில், சிவப்பு ஃபில்டரில் பார்க்கலாம்.

எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தாலும் கொழுப்பு பயாப்ஸி ஏஎல்லில் நூற்றுக்கு எண்பது சொச்சம்தான் பிடிக்கும். வயதானவர்களுக்கு வரும் ஏடிடிஆரில் 15 அளவுக்குத்தான். ஆகவே நெகட்டிவ் எதையும் விலக்கவில்லை.

படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: சுகர் இருந்து வயிற்றில் இன்சுலின் போடுபவர் என்றால் ஊசி போடும் இடத்தை விட்டுத் தள்ளி எடுக்கச் சொல்லுங்கள். அங்கே இன்சுலினே அமிலாய்டாகப் படிந்திருக்கும். பச்சையும் மின்னும், உடம்பு முழுக்க நோய் இருப்பதாக ஏமாந்துபோவோம்.

டெக்னீஷியம்

ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள். ஊசியில் போனது பைரோபாஸ்ஃபேட்தானா? எலும்பு ஸ்கேனுக்குப் போடும் எம்டிபி எல்லா சென்டரிலும் கையோடு இருக்கும், அது இந்த வேலைக்கு லாயக்கில்லை. எவ்வளவு நேரம் கழித்துப் படம் எடுத்தார்கள்? ஸ்பெக்ட் (முப்பரிமாணப் படம்) எடுத்தார்களா, இல்லை முன்பக்கத் தட்டைப் படம் மட்டுமா?

ஒரு மணி நேரத்தில் மருந்து இன்னும் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதய அறைகளுக்குள் இருக்கும் அந்த ரத்தம் தட்டைப் படத்தில் இதயச் சுவர் மாதிரியே தெரியும். பம்பிங் குறைந்தவர்களுக்கு இன்னும் மோசம். இடப்பக்க நெஞ்சை வலப்பக்கத்தோடு ஒப்பிட்டு 1.5-க்கு மேல் என்று எழுதுகிற எண்ணும் அதே ரத்தத்தைத்தான் எண்ணியிருக்கலாம். ஸ்பெக்டில் மட்டுமே சுவரையும் அறையையும் பிரித்துப் பார்க்க முடியும். அறை இன்னும் பளிச்சென்று இருந்தால் 3 மணி நேரத்தில் மறுபடி எடுக்கணும். சமீபத்தில் மாரடைப்பு வந்திருந்தாலும் அந்த இடத்தில் ஏறும்.

செம்பூர்_காலனி

எல்லாருக்கும் நன்றி. லேபில் கேட்டேன்: 4 மைக்ரான், பிளாக்கில் திசு மிச்சம் இருக்கிறது. ஸ்கேன் பைரோபாஸ்ஃபேட்தான், ஆனால் 1 மணி நேரத்தில் தட்டைப் படம் மட்டும், விகிதம் 1.52. ஸ்பெக்ட் இல்லை. இப்போ நேராக இதயமா, முதலில் எலும்பு மஜ்ஜையா?

மஜ்ஜை

அப்படியானால் அந்தக் கிரேடு 2-ஐ மறந்துவிடுங்கள், அது ரிப்போர்ட்டே இல்லை.

முதலில் மஜ்ஜை. எப்படியும் அது வேண்டும், பிளாஸ்மா செல் எத்தனை சதவீதம் என்று தெரியாமல் ஏஎல் சிகிச்சை தொடங்க முடியாது. உறிஞ்சி எடுப்பதோடு நிறுத்தாமல் ட்ரெஃபைன் துண்டும் (எலும்போடு சேர்ந்த மஜ்ஜைத் துண்டு) எடுத்து அதற்கும் காங்கோ ரெட். கொழுப்பும் மஜ்ஜையும் சேர்ந்தால் ஏஎல்லில் ஏறக்குறைய 85% பிடிபடும். அதே நாளில் பழைய கொழுப்பு பிளாக்கை 10 மைக்ரானில் திரும்ப வெட்டச் சொல்லுங்கள். லேபுக்குப் பழக்கமில்லை என்றால் பிளாக்கையே வாங்கி பரேலில் டாட்டா மெமோரியலில் ரிவ்யூவுக்குக் கொடுக்கலாம்.

மஜ்ஜையில் பச்சை மின்னினாலும் உடனே ஏஎல் என்று எழுதிவிடக்கூடாது, ஏடிடிஆரும் மஜ்ஜை ரத்தக்குழாயில் படியும். வகை பிரிக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிதான் (படிந்த புரதம் எது என்று நேரடியாக அடையாளம் காணும் சோதனை) நம்பகம். சாதாரண இம்யூனோ சாயத்தில் கப்பா, லேம்டா இரண்டுமே லேசாகப் பாசிட்டிவ் என்று வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு இடமும் நெகட்டிவ் என்றால் தாமதிக்காமல் இதயம்.

கேத்லேப்

அந்தக் கட்டம் வந்தால்: கழுத்தின் வலப்பக்க ஜுகுலர் ரத்தக்குழாய் வழியாக பயாப்டோம் (திசு கிள்ளும் நீளமான கருவி) போகும், வலது வென்ட்ரிக்கிளில் நடுச்சுவரிலிருந்து 1, 2 மி.மீ. துண்டுகள் ஐந்தாவது எடுப்போம். அனுபவமுள்ள கையில் சுவர் ஓட்டையாகும் ஆபத்து நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் கீழே. முடிந்ததும் எக்கோ பார்த்துவிட்டுத்தான் வார்டுக்கு அனுப்பணும். ஈசிஜியில் ஏற்கெனவே இடது பண்டில் பிளாக் (இதயத்தின் இடது மின்பாதை அடைபட்டது) இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்; பயாப்டோம் வலது பக்கத்தைத் தட்டினால் முழு பிளாக் ஆகிவிடும், தற்காலிக பேசிங் தயாராக இருக்கணும். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டால் அதுவும். ஏஎல்லில் ரத்தம் உறைய உதவும் ஃபாக்டர் 10 குறைவதுண்டு, பிடி, ஏபிடிடி (ரத்தம் உறையும் நேரச் சோதனைகள்) பார்க்காமல் எந்த பயாப்ஸிக்கும் படுக்காதீர்கள், மஜ்ஜை உட்பட.

துண்டை ஃபோர்செப்ஸால் கிள்ளினால் நசுங்கிவிடும், ஊசி முனையால் எடுத்து அறை வெப்பத்தில் இருக்கும் 10% ஃபார்மலினில் போடணும். ஒரு துண்டு குளூட்டரால்டிஹைடில், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு.

மைக்ரோடோம்

மஜ்ஜைச் சீட்டிலும் சரி, இதயச் சீட்டிலும் சரி, "அமிலாய்டு சந்தேகம், காங்கோ ரெட் 10 மைக்ரான், வகை பிரிக்கத் திசு மிச்சம் வைக்கவும்" என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் மற்ற சாயங்களுக்கே பிளாக் முழுக்கத் தேய்ந்துவிடும், மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்ப மெழுகுதான் மிஞ்சும்.